பங்கு கேட்க வந்தவர்

எங்கள் பெரியப்பாவுக்கு உலகத்தில் இரண்டே பயம்தான். ஒன்று, சர்க்கரை. இன்னொன்று, பங்காளி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். பங்காளிக்கு இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை.

பாகூர் ஏரிப் பாசனத்தில் அவருக்கு ஒன்றேகால் காணி நிலம். அதற்குரிய பத்திரம், பட்டா, வரி ரசீது, பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர் எழுதிய பழைய காகிதம் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார். பெரியப்பா குளித்தால் சாவியும் குளிக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி. வில்லியனூரில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு பாத்திரக்கடைக்காரரின் கணக்கு நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். (கட்டுரை எழுதி வரும் பணம் காப்பித்தூளுக்குச் சரியாகிவிடுகிறது. அரிசிக்குக் கடைக்கணக்குதான்.) செல்போன் அடித்தது. பெரியப்பா.

"டேய், உடனே கெளம்பி வா. ஒருத்தன் வந்து திண்ணையில உக்காந்துகினு இருக்கான். ஊரு பேரு சொல்றான். இன்னா பேசுறான்னே புரியல. பிரெஞ்சு மாதிரி கீது. கையில ஏதோ பத்திரம் வச்சிருக்கான்டா!"

கடைசி வார்த்தையில் குரல் நடுங்கியது.

என்னை ஏன் கூப்பிட்டார் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். படிக்கும்போது நான் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்தவன். மொழி மேல் காதல் எல்லாம் கிடையாது. தமிழை விட மார்க் அதிகம் போடுவார்கள் என்று சீனியர்கள் சொன்னார்கள். போடவும் போட்டார்கள். அந்த மார்க்கை நம்பி எங்கள் குடும்பத்தில் என்னை ஒரு பிரெஞ்சுக்காரனாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'கொமான் தலே வு?' என்று நலம் விசாரிப்பேன். எதிராளி நலமில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வண்டியை எடுத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும். பெரிய பூப்போட்ட சட்டை, அரைக்கால் சட்டை, முதுகுப் பை. மற்றபடி நம்ம ஆள். வேட்டி கட்டிவிட்டு பாகூர் கடைத்தெருவில் நிறுத்தினால், "கடலூர் பஸ் போயிடுச்சா?" என்று நீங்கள் அவரிடம் கேட்பீர்கள். அதே கறுப்பு, அதே மூக்கு, அதே முன்வழுக்கை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கும் அதே முன்வழுக்கை. ஊரே வேலி ஓரமாக நின்று இரண்டு வழுக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் பயத்துக்கு அதுதான் முக்கியக் காரணம்.

என் கல்லூரி பிரெஞ்சு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. அவர் சிரித்துக்கொண்டே தன் செல்போனை எடுத்து அதில் பேசினார். போன், செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தத் தமிழில் சொன்னது:

"நான் என் வேர்களைத் தேடி வந்திருக்கிறேன்."

"வேரா?" என்றார் பெரியப்பா. "நாட்டு மருந்துக்கடை கடைத்தெருவுல இருக்குன்னு சொல்லுடா."

* * *

அவர் குவாதலூப்பிலிருந்து வந்திருந்தார். அமெரிக்கக் கண்டத்தின் பக்கத்தில், கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். (பெயர் வேண்டாம். எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. 'முசியே' என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் கோட்டு போட்டவர், போடாதவர் எல்லோருமே முசியேதான்.)

பெரியப்பா 'பத்திரம்' என்று பயந்தது பத்திரம் அல்ல. ஒரு பழைய ரிஜிஸ்தரின் நகல். 1870-களில் புதுச்சேரியில் கப்பல் ஏறிய ஓர் ஆளைப் பற்றிய நாலு வரி. ஒரு நம்பர். கப்பல் பெயர். வயது 22. வலது முழங்காலில் தழும்பு. ஊர்: பாகூர். அவருடைய தாத்தாவின் அப்பா அவர்.

பெயர் என்று ஒன்று இருந்தது. அதைத்தான் படிக்க முடியவில்லை. நம் ஆள் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். அது என்ன பெயர் என்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். அந்தத் தீவுகளில் இப்படித்தான் முத்துசாமி 'மூத்தூஸ்ஸாமி' ஆனார். சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனார். அப்பன் பெயர், பிள்ளை பெயர், சில சமயம் பட்டப்பெயர்கூட பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது.

இவர்கள் அங்கே எப்படிப் போனார்கள்?

1848-ல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குத் தலையில் இடி. விடுதலையான மக்கள் அந்தத் தோட்டத்தில் இனிமேல் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். கரும்பை யார் வெட்டுவது? வெள்ளைக்காரன் இதே பிரச்னைக்கு 1834-லேயே வழி கண்டுபிடித்திருந்தான். அந்த வருஷம் நவம்பர் 2-ம் தேதி கல்கத்தாவிலிருந்து 36 பேர் மொரீஷியஸில் இறங்கினார்கள். பிறகு ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். அதே வழியை பிரெஞ்சுக்காரனும் பிடித்துக்கொண்டான். அவன் கையில் ரெடியாக இருந்த துறைமுகங்கள் நம் புதுச்சேரியும் காரைக்காலும்.

'ஒரேலி' என்று ஒரு கப்பல். 1853 மே 6-ம் தேதி மார்த்தினிக் தீவில் 300-க்கும் மேற்பட்டவர்களை இறக்கியது. அடுத்த வருஷம் அதே கப்பல், 1854 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பில் இன்னும் 300 சொச்சம் பேரை இறக்கியது. அதற்குப் பிறகு 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல். மார்த்தினிக்குக்கு சுமார் 25,000. ரெயூனியன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். எல்லோரும் புதுச்சேரிக்காரர்கள் இல்லை. 1861-ல் வெள்ளைக்காரனோடு ஒப்பந்தம் போட்டு, அவன் எல்லைக்குள்ளிருந்தும் பிரெஞ்சுக்காரன் ஆள் எடுத்தான். ஆனால் அதில் நம்மைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள் ஏராளம்.

ஐந்து வருஷ அக்ரிமெண்ட். ஆணுக்கு மாசம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. அரிசி, துணி தனி. கெடு முடிந்தால் திரும்பிவர இலவசக் கப்பல் என்று பேச்சு.

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? திண்ணையிலேயே கணக்குப் போட்டேன். பன்னிரண்டரை, பெருக்கல் அறுபது மாசம். 750 பிராங்க். ஒரு மனுஷனின் ஐந்து வருஷத்துக்கு முழு ரேட். லீவு போட்டால் பிடித்தம். மொரீஷியஸில் இதற்கு 'டபுள் கட்' என்றே பெயர். ஒருநாள் வரவில்லை என்றால் இரண்டு நாள் சம்பளம் போச்சு. திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு 'வயித்துவலி' என்று போன் செய்யும் அன்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

சரி, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? குவாதலூப் போன 42,000 பேரில் திரும்பியவர்கள் பத்தாயிரம்கூட இல்லை.

மீதி?

அந்த மீதியின் பேரன்தான் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

* * *

முசியே தன் போனில் ஒரு போட்டோ காட்டினார். குவாதலூப்பில் புவாந்த்-ஆ-பித்ர் என்று ஒரு நகரம். (மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றும் வேறு வேறாக வந்தது.) அங்கே பழைய துறைமுகத்து ஓரமாக ஒரு நினைவுச்சின்னம். 'முதல் நாள் நினைவுச்சின்னம்' என்று அதற்குப் பெயர். ஒரேலி வந்து 150 வருஷம் ஆனதை ஒட்டி, 2004-ம் வருஷம் டிசம்பரில் திறந்தார்கள். அதன் முன்னால் முசியேயும் பேத்தியும் நிற்கிறார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கள் வீட்டு அத்தைமார்கள் அத்தனை பேருடைய ஜாடையும் இருந்தது.

"எதுக்குடா அங்க போயி நிக்கிறாங்க? கோயிலா?" என்றார் பெரியப்பா.

"கோயில் இல்ல பெரியப்பா. இவங்க ஆளுங்க மொதமொதல்ல அந்த ஊர்ல கால் வச்சாங்கல்ல... அதுக்கு ஞாபகார்த்தம்."

"கூலிக்குப் போனவங்களுக்கா?"

"ஆமா."

"கூலிக்குப் போனவனுக்கு எவன்டா சிலை வைப்பான்?"

நியாயமான கேள்விதான். நம் ஊரில் சிலை யாருக்கு? ஆண்டவருக்கு. ஆண்டவர் என்றால் கோயில் ஆண்டவரும் சேர்த்திதான், கோட்டை ஆண்டவரும் சேர்த்திதான்.

ஆனால் அந்தச் சிலை சும்மா வந்துவிடவில்லை. போன் உதவியோடு முசியே சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஹென்றி சிதம்பரோம் என்று ஒருவர். குவாதலூப்பில் 1863-ல் பிறந்தவர். கூலியாகப் போனவர்களின் பிள்ளை. அந்த மண்ணிலேயே பிறந்திருந்தும் 'நீயெல்லாம் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை, உனக்கு ஓட்டு கிடையாது' என்றார்கள். 1904-ல் ஆரம்பித்து 1923 வரை, பத்தொன்பது வருஷம் விடாமல் போராடி, அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் வாங்கிக் கொடுத்தார். கரும்பு வெட்டியவனின் பிள்ளை ஓட்டு வாங்கினான். ஓட்டு வந்த பிறகு கவுன்சிலர், மேயர், எம்.பி. எல்லாம் வந்தார்கள். எர்னெஸ்ட் மூத்தூஸ்ஸாமி என்று ஒருவர் குவாதலூப்பிலிருந்து பாரீஸ் பார்லிமெண்டுக்கே போனார். சிலை கடைசியாகத்தான் வந்தது. கூலி இறங்கி நூற்றைம்பது வருஷம் கழித்து.

இதைக் கேட்டதும் பெரியப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை மட்டும் அரைஞாண் சாவியை விடவில்லை.

"அதெல்லாம் சரி. இவரு இன்னாத்துக்கு இங்க வந்தாரு? அதைக் கேளு."

கேட்டேன். முசியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு போனில் பேசினார். போன் சொன்னது:

"அங்கே அவர்கள் இறங்கிய இடத்தைப் பார்த்துவிட்டேன். அவர்கள் கிளம்பிய இடத்தையும் பார்க்க வேண்டும்."

* * *

பெரியம்மாவுக்கு பிரெஞ்சும் தெரியாது, பங்காளி பயமும் கிடையாது. "வந்த மனுஷனுக்கு ஒரு வாய் சோறு போடாம இன்னா விசாரணை?" என்று இலை போட்டுவிட்டார். சோறு, சங்கராமீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல்.

முசியே குழம்பை ஒரு வாய் வைத்தார். அப்படியே நிறுத்திவிட்டார். கண் விரிந்தது.

"கொலொம்போ!" என்றார்.

"ஐயய்யோ, கொழும்பு இல்லப்பா, நாங்க பாகூரு" என்றார் பெரியம்மா.

"கொலொம்போ! கொலொம்போ!" என்று முசியே இலையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறார். எனக்குப் பொறி தட்டியது. குழம்பு! குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் மசாலாப்பொடி போட்டுச் செய்யும் கறிக்கு 'கொலொம்போ' என்று பெயர். ஆட்டுக்கறி கொலொம்போ, கோழி கொலொம்போ. அந்தத் தீவில் இருக்கிற கறுப்பர், வெள்ளையர் எல்லோருமே சாப்பிடுகிறார்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம் எல்லாம் அரைத்த பொடி.

மூணு மாசம் கப்பலில் போய், பேர் தொலைந்து, ஊர் தொலைந்து, பாஷையும் தொலைந்த பிறகு ஒரு குழம்பு தொலையாமல் இருந்திருக்கிறது. குமாஸ்தாவால் நம் பெயரை மாற்ற முடிந்தது. நாக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை.

முருங்கைக்கீரைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ரெயூனியன் தீவில் அதற்கு 'பிரெத் மூரும்' என்று பேர். அங்கே சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான 'ரூகாய்' நம் ஊறுகாய்தான் என்கிறார்கள். குவாதலூப்பில் 'மாலியேமென்' என்று ஒரு சாமிக்குப் பொங்கல் வைக்கிறார்கள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை, நம் மாரியம்மன். 'நாகூர்மீரா' பேரில் கொடிமரம் நட்டுக் கொடியும் ஏற்றுகிறார்கள். கடலில் கப்பலைக் கரை சேர்த்தது நாகூர் ஆண்டவர் என்று, இந்துக் குடும்பங்கள் நூற்றைம்பது வருஷமாக அவருக்கு நன்றி செலுத்துகின்றன.

பெரியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு மீனை இலையில் வைத்தார். "நாம செஞ்சா அது குழம்பு. அங்க போனா அது ஊரு பேராட்டம் ஆயிடுச்சு பாரு" என்றார்.

* * *

சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஷயம் நடந்தது.

எங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு செங்கல் உண்டு. ஒரே ஒரு செங்கல். பாதி மண்ணில் புதைந்து கிடக்கும். சின்ன வயசில் அதன் மேல் ஏறி நின்று கிரிக்கெட்டில் அம்பயர் வேலை பார்த்து, எங்கள் ஆயாவிடம் உதை வாங்கியிருக்கிறேன். வருஷா வருஷம் தை அமாவாசைக்கு ஆயா இரண்டு இலை போடுவாள். ஒன்று வீட்டுக்குள்ளே, செத்தவர்களுக்கு. இன்னொன்று கொல்லையில், அந்தச் செங்கல்லுக்கு. 'அது போனவருக்கு' என்பாள். யார் போனது, எங்கே போனது என்று கேட்டால், "கப்பலுக்குப் போனவருடா. செத்தாரோ இருக்காரோ தெரியாம எப்படி உள்ள இலை போடறது?" என்பாள். அவளுக்கும் அவள் மாமியார் சொன்னது அவ்வளவுதான்.

ஆயா போன பிறகும் பெரியம்மா அந்த இலையை நிறுத்தவில்லை. எனக்கு மட்டும் அது மறந்தே போயிருந்தது.

முசியே கை கழுவ கொல்லைப்பக்கம் போனார். செங்கல்லில் காய்ந்துபோன குங்குமத்தைப் பார்த்து, 'என்ன இது?' என்று கையால் கேட்டார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒன்றேகால் காணியும் பத்திரமாக இருக்கும். அவர் மனசுக்குள் வரவும் செலவும் ஓடுவது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், அந்த ஒன்றேகாலில் நாளைக்கு எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"எங்க வீட்லயும் ஒருத்தரு போனாருன்னு சொல்லுடா" என்றார் பெரியப்பா.

சொன்னேன். போன் அதை பிரெஞ்சில் சொன்னது. முசியே அப்படியே குந்தி உட்கார்ந்து செங்கல் மேல் உள்ளங்கையை வைத்தார். தோள் குலுங்கியது.

அவரவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம்.

இப்போது என் தொழில் சம்பந்தமாக ஒரு வார்த்தை. அந்த ரிஜிஸ்தர் ஆளும் எங்கள் வீட்டிலிருந்து போனவரும் ஒரே ஆள்தானா? ஆதாரம் இல்லை. எங்களிடம் பெயர் இல்லை, அவரிடம் இருக்கிற பெயரைப் படிக்க முடியவில்லை. பாகூர் என்றுதான் எழுதியிருக்கிறது, எந்தத் தெரு என்று இல்லை. வழுக்கை ஒரு ஆதாரமா? கணக்கு டேலி ஆகவில்லை.

டேலி ஆகாத தொகையை என்ன செய்வோம்? பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். கிழித்துப் போட மாட்டோம். 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பு போட்டு, விவரம் தெரிகிற வரை அதில் வைத்திருப்போம். எந்தக் காலேஜுக்கும் போகாத எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு செங்கல்லில் அதைச் செய்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷமாக வருஷத்துக்கு ஒரு இலை போட்டு அந்தக் கணக்கைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

நான் இதை பெரியப்பாவிடம் வேறு மாதிரி சொன்னேன். "பெரியப்பா, இவருதான்னு நிச்சயமா சொல்ல முடியாது."

"எவன் வீட்டுல போனவனா இருந்தா இன்னாடா? போனவன் ஒருத்தன் வந்துட்டான் இல்ல" என்றார். சாவியிலிருந்து கையை எடுத்திருந்தார்.

* * *

சாயங்காலம் முசியேயின் டாக்ஸியிலேயே நானும் ஏறிக்கொண்டு புதுச்சேரி கடற்கரைக்குப் போனோம். 'கிளம்பிய இடம்' பார்க்க வேண்டும் என்றாரே.

பீச் ரோடில் காந்தி நிற்கிறார். எதிர்ப்பக்கம் முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த நம் சொல்தாக்களுக்கு நினைவுச்சின்னம். ஜூலை 14-ம் தேதி அதற்கு மாலை போடுவார்கள். தெற்கே நடந்தால் கவர்னர் துய்ப்ளெக்ஸ். உள்ளே பூங்காவில் ஆயி மண்டபம், ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள் பேரில். வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது என்றும் அவரிடம் சொன்னேன். 1954 அக்டோபர் 18-ம் தேதி அங்கேதான் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 ஓட்டு, வேண்டாம் என்று 8. ஒவ்வொரு ஆகஸ்ட் 16-ம் தேதியும் கொடி ஏற்றுகிறார்கள்.

ஆண்டவருக்கு, அடித்தவருக்கு, ஓட்டுப் போட்டவருக்கு, தண்ணீர் தந்தவளுக்கு என்று எல்லோருக்கும் இருக்கிறது. முசியே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் ஆட்களுக்கு?" என்றார். இந்தத் தடவை போன் இல்லாமலே எனக்குப் புரிந்தது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இத்தனை வருஷம் சுற்றியவன் நான். ஓட்டுப் போட்டவனுக்குக் கல் பார்த்திருக்கிறேன். போனவனுக்கு ஒரு கல் என் கண்ணில் பட்டதில்லை, எங்கள் கொல்லைச் செங்கல்லைத் தவிர.

கடலைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது? அப்போது கப்பல் கரைக்கு வராது. இரும்புப் பாலமே 1866-ல்தான் வந்தது. 1952 புயலில் அதுவும் விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் போனவர்களைச் சலங்குப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய் தூரத்தில் நிற்கும் கப்பலில் விட்டார்கள். ஆகவே 'கிளம்பிய இடம்' என்பது அலை அடிக்கிற இடம்தான்.

கிளம்பிய இடத்திலும் நினைவுச்சின்னம் வைக்கலாம் என்பதற்குக் கல்கத்தா சாட்சி. தென் அமெரிக்காவில் இருக்கும் சூரினாம் நாட்டுக்கு அங்கிருந்து கூலிகள் போனார்கள். சூரினாமின் தலைநகரில் 1994-ல் ஒரு சிலை வைத்தார்கள். கையில் துணிமூட்டையோடு ஒரு ஆணும் பெண்ணும். அதே சிலையின் நகலை 2015 அக்டோபரில் கல்கத்தாவில், அவர்கள் கப்பல் ஏறிய துறையில் வைத்து, அப்போது வெளியுறவு மந்திரியாக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் திறந்து வைத்தார். கப்பலுக்கு அந்தக் கரையிலும் ஒரு சிலை, இந்தக் கரையிலும் ஒரு சிலை. மொரீஷியஸில் கூலிகள் இறங்கிய 'ஆப்ரவாசி காட்' படிக்கட்டை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்தப் படியில் ஏறியவர்களில் தமிழர்களும் ஏராளம்.

நாம் ஒன்றும் மறதிக்காரர்கள் இல்லை, சார். பல்லவன் நிருபதுங்கவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டில் பாகூர் கல்விச்சாலைக்கு எந்த மூன்று ஊரை எழுதிக் கொடுத்தான் என்பது செப்பேட்டில் இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், அதை வெட்டியவள் பேரையே இன்றைக்கும் சொல்லிக்கொண்டு ஓடுகிறது. ஆயிரம் வருஷத்து நில தானம் ஞாபகம் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்து மனுஷன் மட்டும்தான் நழுவிவிட்டான்.

சிலை வைக்கச் சொல்லி மனு எழுதப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எழுதினாலும் எந்த இடத்தில் வைப்பது, யார் திறப்பது, யார் பேர் முதலில் போடுவது என்பதிலேயே இன்னொரு நூற்றைம்பது வருஷம் ஓடிவிடும். நான் கேட்பது சின்ன விஷயம். இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் வீட்டில் இருக்கிற கிழவியிடமோ கிழவரிடமோ போய் உட்காருங்கள். 'நம்ம வீட்ல போனவங்க யாராவது உண்டா?' என்று கேளுங்கள். போர்போனுக்கு, மொரீசுக்கு, பர்மாவுக்கு, மலேயாவுக்கு, சைகோனுக்கு... யாராவது இருப்பார்கள். கிடைக்கிற பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'போனவர்' என்றாவது எழுதுங்கள். எங்கள் வீட்டில் எழுதாமல் விட்டதால்தான் முசியே வந்து நின்றபோது சொல்ல ஒரு பெயர் இல்லை. இன்றைக்கும் நம் தெருப் பையன்கள் இரண்டு வருஷ அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வளைகுடாவுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

* * *

முசியே ஊருக்குப் போய்ச் சேர்ந்து, செங்கல் மேல் கை வைத்த போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார். பெரியப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"ஒன்னும் கேக்கலையே?" என்றார்.

"இல்ல பெரியப்பா. கெளம்பும்போது வேப்பமரத்தடியில ஒரு பிடி மண்ணு எடுத்துகினு போனாரு. அவ்ளோதான். அந்தச் சிலைகிட்ட போட்டுட்டாராம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஒரு பிடின்னா பரவால்ல" என்றார் பெரியப்பா. "அவரு பங்கு அது. வில்லங்கம் இல்லாம முடிஞ்சுதுன்னு எழுதிக்க. அப்புறம்... தை அமாவாசைக்கு நீயும் வந்துடு. இந்த வருஷத்துலேர்ந்து ரெண்டாவது இலையையும் உள்ளயே போட்டுடலாம்னு உங்க பெரியம்மா சொல்றா."